பழைய டிஸ்க்கில் இருந்த கடைசி வீடு

"நூறு சதவீதம்!" என்று கத்தினேன்.

சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த என் மனைவி ஸ்டெல்லா ஓடி வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. "எதுல?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"பழைய டிஸ்க்ல இருந்ததெல்லாம் புதுசுக்கு வந்தாச்சு. வீட்டு இன்ஜினியருக்கு ஒரு டீ போடலாம்."

"இன்ஜினியர் முதல்ல ஆன் பண்ணிக் காட்டட்டும்."

போன டிசம்பர், ஒரு சனிக்கிழமை, உச்சிப் பகல். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் காகித நட்சத்திரம் ஏறிவிட்டது. மீதி வீடுகள் ஏணி தேடிக்கொண்டிருந்தன. எங்கள் சாப்பாட்டு மேஜையில், அடிமூடி கழற்றிய லேப்டாப் இரண்டு டிபன் பாக்ஸ்களின் மேல் நின்றது. பக்கத்தில் ஒரு சாஸரில் பதினோரு குட்டி ஸ்க்ரூக்கள்.

பொத்தானை அழுத்தினேன். கறுப்புத் திரையில் ஒரு வரி வெள்ளை எழுத்து வந்தது. இந்த டிஸ்க்கில் ஒன்றுமே இல்லை என்று லேப்டாப் மிகவும் மரியாதையாகச் சொன்னது.

"புதுசு இல்லையா, கொஞ்சம் வெட்கப்படுது" என்றேன். அதைக் கழற்றிவிட்டுப் பழைய டிஸ்க்கை மாட்டினேன். முந்தின நாள் ராத்திரி வரை ஒழுங்காக வேலை செய்த டிஸ்க். அதே வரி வந்தது.

பயம் வந்தால் சிலருக்கு வயிறு கலங்கும், சிலருக்கு வேர்த்துக் கொட்டும். எனக்கு வாய் தானாக ஜோக் அடிக்கும். "ஸ்டெல்லா, ஒரு நல்ல செய்தி. ரெண்டு டிஸ்க்கும் இப்போ அச்சு அசலா ஒண்ணு போல இருக்கு" என்று சொன்னது நினைவிருக்கிறது. பழைய டிஸ்க்கைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்ததும் நினைவிருக்கிறது.

"என்னங்க, தேங்காயா வாங்குறீங்க?" என்று சமையலறை வாசலில் நின்று கேட்டாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த கத்தியை மேஜையில் வைத்தாள். "கேரல் லிஸ்ட் அதுலதானே இருந்தது?"

அதில்தான் இருந்தது. அதில் மட்டும்தான் இருந்தது.

முட்டை ஊற்றலாம்

போன வாரம் இந்தப் பத்திரிகையில் வந்த என் ஸ்கூட்டர் கதையைப் படித்துவிட்டு, "உங்கள் வீட்டில் எதையுமே புதிதாக வாங்க மாட்டீர்களா?" என்று ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார். வாங்குவோம் அம்மா. உப்பு வாங்குவோம், தீப்பெட்டி வாங்குவோம். நான் மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருப்பவன். ஓவர்டைம் நின்று பல மாதம் ஆகியிருந்தது. மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். புது லேப்டாப் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

இருந்த லேப்டாப்புக்குப் பத்து வயது. ஆன் செய்துவிட்டுக் குளிக்கப் போகலாம். வந்து தலை துவட்டி, பவுடர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாலும் அது இன்னும் கண் விழித்திருக்காது. மேற்குத் தாம்பரத்தில் மாடிப்படிக்கு அடியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சலீம் பாயிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார்.

"இன்னா சார் இது, லேப்டாப்பா தோசைக்கல்லா? முட்ட ஒடச்சி ஊத்தலாம் போல கீது."

"பொழைக்குமா பாய்?"

"மத்ததெல்லாம் நல்லா கீது. டிஸ்க்குதான் கெழவனாயிட்ச்சி. எஸ்எஸ்டின்னு புது டிஸ்க்கு கீது, அத போட்டுக்கோ, குதர மாதிரி ஓடும். வுட்டுட்டுப் போ சார், நானே எல்லாத்தையும் மாத்திப் போட்டுத் தரேன்."

இருப்பதிலேயே விலை குறைந்த டிஸ்க்கை, பழையதன் அதே அளவில், வாங்கினேன். மாற்றித் தருவதற்கான கூலியைக் கேட்டதும் எனக்குள் ஓர் இன்ஜினியர் பிறந்தான். "நானே பண்ணிக்கிறேன் பாய். வீடியோ பார்த்திருக்கேன்."

"வீடியோ பாத்து சோறாக்கலாம் சார். ஆபரேஷன் பண்ணக் கூடாது." ஆனாலும் நல்ல மனிதர். காப்பி செய்யும் புரோகிராம் இருந்த ஒரு பென்டிரைவை இரவல் கொடுத்தார். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. முக்கியமான ஃபைல் எதுனா இருந்தா மொதல்ல தனியா எடுத்து பீரோல வச்சிடு. அப்பால டிஸ்க்க தொடு."

"முக்கியமா என்ன பாய் இருக்கு என்கிட்ட? அணுகுண்டு ஃபார்முலாவா?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்கள் சிரிக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை பட்டியலைத் தனியாக எடுத்து வைத்திருப்பேன்.

நாலாவது கட்டம்

எங்கள் சபையின் பாடகர் குழுவில் நான் பேஸ் என்னும் அடிக்குரல் பாடுகிறேன் என்பது குழுவின் பெருந்தன்மை. என்னுடைய உண்மையான வேலை கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் பட்டியல். டிசம்பர் நடுவில் ஆறு ராத்திரி, இரண்டு வேன், கிதார், டோலக் சகிதம் சேலையூரிலிருந்து வண்டலூர் வரை வீடு வீடாகப் போய்ப் பாடுவோம்; எந்த ராத்திரி எந்தப் பக்கம் என்பது வருடா வருடம் மாறாது. சுருதி போனாலும் ஜனங்கள் மன்னிப்பார்கள். அவர்கள் வீட்டு ரோஜாத் தொட்டியை உடைத்தாலும் மன்னிப்பார்கள். வராமல் போனால் மன்னிக்க மாட்டார்கள். கேக் வெட்டி அடுக்கி, வாசல் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் இல்லையா?

பட்டியலில் நாலு கட்டம். பெயர், தெரு, போன் நம்பர். நாலாவது, 'குறிப்பு'. என் இலக்கியப் பணி எல்லாம் அந்த நாலாவது கட்டத்தில்தான்.

"கேக் கல் போல இருக்கும். பல் கட்டியவர்கள் டீயோடு நிறுத்திக்கொள்ளவும்." "நாய் உண்டு. நாயை நம்பலாம், மாமாவை நம்ப முடியாது." எங்கள் குழுத் தலைவர் ஜெபராஜ் அண்ணன் வீட்டுக்கு நேராக, "பாடி முடித்ததும் யார் எங்கே தப்பு செய்தார்கள் என்று சொல்வார். அதுவரை கேக் வராது."

இதனால்தான் பட்டியலை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. வேனில் போகிறவர்களுக்கு முதல் மூன்று கட்டத்தை மட்டும் அச்செடுத்துத் தருவேன். "சாம், ஒரு காப்பி எனக்கு மெயில்ல போட்டு வையேன். நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா?" என்று ஜெபராஜ் அண்ணன் கேட்டபோதுகூட, "எனக்கு ஒண்ணுன்னா எதுக்குண்ணே கேரல்ஸ்? அடக்க ஆராதனைப் பாட்டு பாடுங்க" என்று தப்பித்தேன்.

ஆனால் அந்தக் கட்டத்தில் எல்லாமே குறும்பு இல்லை. "இந்த வருடம் அம்மா தவறிவிட்டார். டோலக் வேண்டாம்." "ஐயாவுக்குக் காது மந்தம். ஜன்னல் ஓரமாக நின்று பாடவும்." அப்புறம், கிரேஸ் அக்கா.

கிரேஸ் அக்கா முப்பது வருடம் எங்கள் குழுவில் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடியவர். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பெலும்பு முறிந்த பிறகு தாம்பரம் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெருங்களத்தூரில் மகனுடைய ஃப்ளாட்டுக்குப் போனார். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. மகன் குடும்பம் வேறு சபை. அதனால் எங்கள் சபைப் புத்தகத்தில் அக்காவின் பெயரை எடுத்துவிட்டார்கள்.

"புத்தகத்துல எடுத்தா எடுத்துக்கட்டும் சாம்" என்று போனில் சொன்னார். "உன் லிஸ்ட்ல எடுத்துடாதே. நான் இனிமே சர்ச்சுக்கு இறங்கி வரப் போறதில்ல. நீங்கதான் ஏறி வரணும்."

நான் எழுதினேன்: "பெருங்களத்தூரில் கடைசி வீடு. எவ்வளவு நேரமானாலும் மாடி ஏறவும். முழித்திருப்பார்."

எழுதிவிட்டோம் என்ற நிம்மதியில் மறந்துபோனேன். அடுத்த இரண்டு டிசம்பரும் என்னையும் குழுவையும் அந்த மாடி ஏற்றியது பட்டியல்தான்.

அரிசி மண்டி வீடு

லேப்டாப்புக்கு முந்தைய காலத்தில் பட்டியல் ஜெபராஜ் அண்ணனின் சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டாக இருந்தது. ஒரு வருடம் இரும்புலியூரில் கரண்ட் போன தெருவில் தடவித் தடவிப் போய், ஒரு வாசலில் நின்று இரண்டு பாட்டை முழு மூச்சாகப் பாடி முடித்தோம். கரண்ட் வந்தது. நிலைக்கு மேலே முருகன் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அரிசி மண்டி வைத்திருக்கும் குடும்பம். ஒரு காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் அவர்கள் வயல். வீட்டுப் பெரியவர் சட்டையில்லாமல் வெளியே வந்தார். ஜெபராஜ் அண்ணன் கைகூப்பி, "தப்பா வந்துட்டோம் ஐயா, மன்னிக்கணும்" என்றார்.

"வந்தது வந்தீங்க, இன்னொண்ணு பாடிட்டுப் போங்க" என்றார் அவர். பாடினோம். தட்டு நிறைய முறுக்கு வந்தது. கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அடுத்த வருசமும் வரணும் தம்பி. ஒரு தபா வந்துட்டு அப்பால வராம போனா, நாங்க இன்னா தப்பு பண்ணோம்னு யோசிச்சிக்கினே கெடப்போம்" என்றார்.

அந்த வீடும் பட்டியலில் ஏறியது. அவர் சொன்ன இரண்டாவது வாக்கியத்தை நான் வெறும் உபசாரம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஸ்டோர்ஸ்காரன் கை

சாப்பாட்டு மேஜைக்குத் திரும்புகிறேன். என்ன செய்தேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நாளைக்கு நீங்களும் இன்ஜினியர் ஆகலாம்.

வீடியோவில் வந்த பையன் தெளிவாகத்தான் சொன்னான். பழைய டிஸ்க் லேப்டாப்புக்கு உள்ளேயே இருக்கட்டும். புதியதை ஒயரில் மாட்டி வெளியே வையுங்கள். உள்ளே இருப்பதிலிருந்து வெளியே இருப்பதற்குக் காப்பி செய்யுங்கள். முடிந்த பிறகு இடம் மாற்றுங்கள்.

நான் இருபத்தைந்து வருடமாக ஸ்டோர்ஸில் இருப்பவன். எங்கள் ரேக்குகளில் ஒரே சட்டம்தான்: புதுச் சரக்கு வந்தால், பழையதை முன்னால் இழுத்து வாசல் பக்கம் வை, புதியதை உள்ளே தள்ளு. பேப்பர் வேலை அப்புறம். இதை மாற்றிச் செய்த எத்தனையோ பேரை நான் திட்டியிருக்கிறேன். அன்று காலை ஸ்க்ரூடிரைவர் கையில் வந்ததும், கை மூளையைக் கேட்காமல் தன் வேலையைச் செய்தது. பழைய டிஸ்க் வெளியே வந்தது. புதியது உள்ளே போனது.

அப்புறம் பாய் கொடுத்த பென்டிரைவைச் சொருகி லேப்டாப்பை ஆன் செய்து, வீடியோ சொன்னபடி, உள்ளே இருப்பதிலிருந்து வெளியே இருப்பதற்குக் காப்பி செய்தேன். இரண்டும் ஒரே அளவு என்பதால் திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. "வெளியே உள்ள டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழியும், சம்மதமா?" என்று அது கேட்டது. "தாராளமா" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழுத்தினேன். காலியாக இருந்த புது டிஸ்க்கின் வெறுமையை, ஒரு துளி சிந்தாமல், பழையதன் மேல் ஊற்றி முடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று.

சலீம் பாய் கடைக்கு ஓடினேன். இடது காலில் என் செருப்பு, வலது காலில் ஸ்டெல்லாவின் செருப்பு. அவர் டிஸ்க்கைச் சொருகிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"அழிச்சிருந்தீனா எடுத்துக் குட்த்திருப்பேன் சார். இது செவுத்துல எழுதினது மேல சுண்ணாம்பு அட்ச்சா மாதிரி. கீழ எழுத்தே இல்ல."

"சுரண்டிப் பார்த்தா?"

"சுரண்டினா செவுரு வரும்."

இப்போது என் லேப்டாப் பத்தே விநாடியில் திறக்கிறது. உண்மையிலேயே குதிரை. திறந்து பார்க்கத்தான் உள்ளே ஒன்றும் இல்லை.

ஜெபராஜ் அண்ணன் கேட்ட கேள்வி

அடுத்த நாள் ஆராதனை முடிந்ததும் குழுவுக்கு விஷயத்தைச் சொன்னேன். அழுதுகொண்டே சொல்லியிருக்க வேண்டியது. நான் நடித்துக் காட்டினேன். தேங்காய் ஆட்டியது, செருப்பு மாறியது எல்லாம் வந்தது. மேல்குரல் பாடும் சொப்ரானோ வரிசையில் ஒரு பெண் சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தாள். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைப்பதற்கில்லை.

சபைப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு புதிய பட்டியல் போட்டோம். புத்தகத்தில் இல்லாத வீடுகளை ஆளுக்கு ஒன்றாக நினைவுபடுத்திச் சொன்னார்கள். பெருங்களத்தூர் முடிந்ததும் ஜெபராஜ் அண்ணன் பேனாவைத் தூக்கிப் பிடித்தார்.

"சாம், நல்லா யோசிச்சுச் சொல்லு. யாரையும் விட்டுடலையே?"

அந்த நிமிடத்தில் என் முழங்காலில் என்னவோ ஓர் உணர்ச்சி. எங்கோ ஒரு படிக்கட்டு, ஒரு திருப்பத்தில் எரியாத பல்பு. யார் வீடு? பிடிபடவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தொழுவத்துப் பாலனைத் தேடிக் கிளம்பின சாஸ்திரிகளே நட்சத்திரத்தைப் பார்த்துக்கிட்டே வந்து முதல்ல தப்பான வீட்டுக்குத்தான் போனாங்க. நாம எம்மாத்திரம்ணே?" என்றேன்.

கொல்லென்று சிரிப்பு. ஜெபராஜ் அண்ணன் மட்டும் சிரிக்காமல் பேனாவை மூடினார். படிக்கட்டு என் மனதிலிருந்து நழுவிப் போய்விட்டது.

ரவுண்ட்ஸ் தொடங்கியது. விட்டுப்போன வீடுகளிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. "எங்கள மறந்துட்டீங்களா?" என்று அரிசி மண்டி வீட்டுப் பேரன் சண்டைக்கே வந்தான். ஒவ்வொரு திட்டும் எனக்கு ஆசீர்வாதம்; ஒவ்வொன்றும் ஒரு முகவரியைத் திருப்பிக் கொடுத்தது. மறுநாளே போய்ப் பாடிச் சமாதானம் செய்தோம்.

கிரேஸ் அக்கா போன் செய்யவில்லை.

காகிதத் தட்டுகள்

ஜனவரி முதல் வாரத்தில், பெருங்களத்தூர் ஸ்டேஷன் வாசலில் கீரை வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் "அங்கிள்" என்று கூப்பிட்டாள். ஷீலா, கிரேஸ் அக்காவின் மருமகள். அவளைப் பார்த்த உடனே அந்தப் படிக்கட்டு முழுசாக என் முன்னால் வந்து நின்றது.

"சாரி அங்கிள். நீங்க வந்த அன்னிக்கு நாங்க எங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். அத்தை மட்டும்தான் இருந்தாங்க. தூங்கிட்டாங்களாம். நீங்க வந்து பாடிட்டுப் போனதுகூடத் தெரியலையாம். அதையே சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டுக்கிட்டு இருக்காங்க."

நான் வாயைத் திறந்தேன். "ஞாயித்துக்கிழமை வரேம்மா" என்று மட்டும் வந்தது.

ஞாயிறு மதியம் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். முதல் மாடியில் வாக்கியத்தைத் தயார் செய்தேன், இரண்டாம் மாடியில் திருத்தினேன். மூன்றாம் மாடியில் கதவு திறந்தே இருந்தது. அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு, நான் உள்ளே வருவதற்குள் எழுந்து நின்றுவிட்டார்.

"சாம், என்னை மன்னிச்சுக்கடா."

அவர் முந்திக்கொண்டார்.

"பதினஞ்சு தட்டு அடுக்கி வெச்சிருந்தேன். பேப்பர் தட்டுதான். பக்கத்து வீட்டுப் பொண்ணு கேக் வெட்டிக் குடுத்துட்டுப் போச்சு. கதவுக்கு நேரா இந்த நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணு எப்ப அசந்துதுன்னே தெரியல. முழிச்சுப் பார்த்தா பால்காரன் சத்தம். முப்பது வருஷம் நைட் டியூட்டி பார்த்தவ நான். ஒரு ராத்திரி முழிச்சிருக்க முடியல பாரு."

இப்போது சொல்ல வேண்டும். 'அக்கா, நாங்க வரவே இல்ல.' நாலே வார்த்தை.

"கதவைத் தட்டியிருக்கக் கூடாதாடா?" என்றார்.

"தட்டினோம்கா" என்றேன். "உங்க குறட்டைதான் பதில் சொல்லுச்சு. நல்ல சுருதி. ஜெபராஜ் அண்ணன் அதையே ஸ்கேலா வெச்சுப் பாட ஆரம்பிச்சுட்டார்."

அக்கா சிரித்தார். வாக்கர் குலுங்கக் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். என் பயத்துக்குத் தெரிந்த ஒரே வேலையை அது செய்து முடித்திருந்தது.

"ஆல்ட்டோ யாரு பாடினா?"

ஒரு பெயரைச் சொன்னேன்.

"நல்லாப் பாடினாளா?"

"உங்க அளவுக்கு இல்லக்கா."

"போடா" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். உட்காரும்போது பல்லைக் கடித்துக்கொண்டதைக் கவனித்தேன்.

"வலி அதிகமாக்கா?"

"அது ஒண்ணுமில்ல. ராத்திரி வலிக்குப் போடற மாத்திரைதான் என்னைத் தூங்க வெச்சிருக்கு. அதைப் பாதியா உடைச்சிட்டேன். அடுத்த டிசம்பருக்குள்ள மொத்தமா நிறுத்திடுவேன், பாரு. இந்தத் தடவை மாதிரி உங்களை வாசல்ல நிக்க வெச்சு அனுப்ப மாட்டேன்."

"அப்படியெல்லாம் செய்யாதீங்கக்கா, டாக்டரைக் கேளுங்க" என்றேன். ஷீலாவும் உள்ளேயிருந்து, "நான் சொன்னா கேட்டாத்தானே அங்கிள்" என்றாள். அக்கா இரண்டு பேரையும் கையமர்த்தினார். முப்பது வருடம் மற்றவர்களுக்கு மாத்திரை கொடுத்தவரிடம் யார் வாதாடுவது?

அந்தப் பாதி மாத்திரையை முழு மாத்திரையாக்க என்னிடம் ஒரு வாக்கியம் இருந்தது. எழுந்து, செருப்பு மாட்டி, மூன்று மாடி இறங்கி, ரோட்டுக்கு வந்து, ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்த பிறகும் அது என்னிடமே இருந்தது.

பிறகு இரண்டு தடவை போனேன். ஒரு தடவை கேட் வரை. இன்னொரு தடவை இரண்டாம் மாடி வரை. மேலேயிருந்து அக்கா பாடிப் பார்ப்பது கேட்டது, ஆல்ட்டோ வரி மட்டும். அதற்கு மேல் ஏற முடியவில்லை. எனக்குத் தெரியும், வாயைத் திறந்தால் அது மறுபடி ஜோக் அடிக்கும். எழுதும்போதாவது கையைப் பிடித்து நிறுத்தலாம்.

இந்தப் பத்திரிகை அந்த வீட்டுக்கு வாரா வாரம் போகிறது. அக்காவுக்குப் பொடி எழுத்துத் தெரியாது என்று மருமகள்தான் வாசித்துக் காட்டுகிறாள். ஷீலா, இந்த இடத்தைக் கொஞ்சம் உரக்க வாசிம்மா.

அக்கா, மாத்திரையை முழுசாகவே போடுங்கள். அன்றைக்கு யாரும் கதவைத் தட்டவில்லை. நீங்கள் விடியும் வரை முழித்திருந்தாலும் ஒரு பாட்டும் கேட்டிருக்காது. நாங்கள் வரவில்லை அக்கா.